தேவனுடைய ராஜ்யம் மனசுக்குள்ளா, நாற்காலியிலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் சிவாஜிநகர், அல்சூர், லிங்கராஜபுரம், விவேக்நகர் பக்கத்துத் தமிழ்ச் சபைகளின் வேதபாட வகுப்புகளிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. தேர்தல் நெருங்கினால் இன்னும் கூடுதலாக வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். வசனங்கள் சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. கத்தோலிக்கர் 'இறையாட்சி', 'விண்ணரசு' என்று வாசிப்பதும் இதைத்தான்.

தேவனுடைய ராஜ்யம்னா பரலோகம்தானே? செத்த பிறகு போற இடம்?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மத்தேயு 'பரலோகராஜ்யம்' என்று எழுதுவதால் வந்த குழப்பம் இது. கடுகு விதை உவமையை மத்தேயு 13:31-லும் மாற்கு 4:30-லும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மத்தேயு 'பரலோகராஜ்யம்' என்கிற இடத்தில் மாற்கு 'தேவனுடைய ராஜ்யம்' என்கிறார். இரண்டும் ஒன்றே.

கர்த்தருடைய ஜெபத்தில் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்றதும் அடுத்த வரி என்ன? 'உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக.' தேவன் ஆளுகிறார், அவர் சித்தம் நடக்கிறது என்றால் அங்கே ராஜ்யம் இருக்கிறது. செத்த பிறகான நம்பிக்கையும் அதில் அடக்கம். ஆனால் அங்கே வருகிற 'பூமியிலேயும்' என்பதை விழுங்கிவிட்டு ஜெபிக்க முடியாது.

எங்க பைபிள்ல "உங்களுக்குள் இருக்கிறதே"ன்னு இருக்கு. கத்தோலிக்கங்க பைபிள்ல "உங்கள் நடுவே"ன்னு இருக்கே. எது சரி?

லூக்கா 17:21. மூல கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அங்கே கேள்வி கேட்டவர்கள் பரிசேயர். அவர்கள் இருதயத்துக்குள் ராஜ்யம் இருக்கிறது என்று இயேசு சொல்லியிருப்பாரா என்ற தயக்கத்தில் 'நடுவே' என்று எடுப்பவர்கள் அதிகம். 'உள்ளே' என்று எடுப்பவர்களும் பழைய காலத்திலிருந்தே உண்டு.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுவதில் பயனில்லை. 20-ஆம் வசனத்தைப் பாருங்கள்: 'தேவனுடைய ராஜ்யம் பிரத்தியட்சமாய் வராது.' இங்கே, அங்கே என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் இந்த மறுப்பு மாறவில்லை. உள்ளான ராஜ்யம் என்ற போதனை ஒரே வசனத்தில் தொங்கிக்கொண்டிருக்கவும் இல்லை. மற்ற வசனங்களைக் கீழே தருகிறோம்.

அந்தக் காலத்து யூதர்கள் ஏன் அரசியல் ராஜாவை எதிர்பார்த்தாங்க? அவ்வளவு புரியாதவங்களா?

புரியாதவர்கள் இல்லை. 2 சாமுவேல் 7-இல் தாவீதின் சிங்காசனம் நிலைத்திருக்கும் என்ற வாக்கு இருக்கிறது. தானியேல் 2-இல் ஒரு கல் உலக ராஜ்யங்களை நொறுக்குகிறது. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பாம்பே எருசலேமைப் பிடித்ததிலிருந்து அவர்கள் அந்நிய ஆட்சியின் நிழலில் இருந்தார்கள். கி.பி. 6-இல் வரிக்காகக் குடிமதிப்பு எடுத்தபோது கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்து அழிந்தான் (அப்போஸ்தலர் 5:37). இந்தச் சூழலில் வளர்ந்தவர் யாராயிருந்தாலும் வாளேந்திய ராஜாவைத்தான் தேடியிருப்பார்.

சீஷர்களும் அப்படியே. உயிர்த்தெழுதலுக்குப் பிறகுகூட அவர்கள் கேட்டது, 'இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்?' (அப்போஸ்தலர் 1:6). பன்னிருவரில் செலோத்தே எனப்பட்ட சீமோனும் இருந்தான், வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தான். செலோத்தே என்றால் நியாயப்பிரமாணத்துக்காகவும் தேசத்துக்காகவும் வைராக்கியம் கொண்டவன் என்று அர்த்தம். வெளியே விட்டால் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளக்கூடிய இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார் இயேசு. எந்தக் கட்சியும் செய்யாத காரியம்.

இயேசு அரசியல் அதிகாரத்தை மறுத்தார்னு எதை வெச்சு சொல்றீங்க?

மூன்று இடங்களை இந்த வரிசையில் படியுங்கள். லூக்கா 4:5-8: உலக ராஜ்யங்களின் அதிகாரம் முழுவதையும் பிசாசு நீட்டுகிறான், அவர் மறுக்கிறார். யோவான் 6:15: ஐயாயிரம் பேர் அப்பம் சாப்பிட்ட பிறகு ஜனங்கள் அவரைப் பலவந்தமாய் ராஜாவாக்க வருகிறார்கள், அவர் தனியே மலைக்குப் போய்விடுகிறார். யோவான் 18:36: ரோம ஆளுநர் பிலாத்துவுக்கு முன் 'என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல' என்கிறார்.

மூன்றாவதில்தான் பெரும்பாலோர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர் சொல்லும் காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: இவ்வுலகத்திற்குரியதானால் 'நான் யூதரிடத்தில் ஒப்புக்கொடுக்கப்படாதபடி என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே.' உலகத்தோடு அவர் ராஜ்யத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று இந்த வசனம் சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது, எதனால் நிலைநாட்டப்படுவதில்லை என்பதைச் சொல்கிறது. வாள் அதன் கருவி ஆகாது. 'உள்ளான ராஜ்யம்' என்று இங்கே நாங்கள் சொல்லும்போதெல்லாம் அர்த்தம் இதுதான்: அது மனந்திரும்புகிற இருதயத்தில் தொடங்குகிறது, பலவந்தத்தால் வருவதில்லை. எல்லை இருதயத்தோடு முடிகிறது என்று அர்த்தமில்லை.

அப்போ குருத்தோலை ஞாயிறு? ஓசன்னா, ராஜாவேன்னு பாடிட்டு ஊர்வலம் போறோமே?

ராஜா என்பதை அவர் மறுக்கவே இல்லை. எப்படிப்பட்ட ராஜா என்பதற்கு சகரியா 9:9 பதில்: நீதியுள்ளவர், தாழ்மையுள்ளவர், கழுதைக்குட்டியின்மேல் வருகிறவர். அடுத்த வசனத்தில் இரதங்களும் குதிரைகளும் யுத்தவில்லும் இல்லாமற்போகின்றன. 9-ஐ மட்டும் வாசித்துவிட்டு ஓலையைத் தூக்கும் சபைகள் 10-ஐயும் சேர்த்து வாசித்தால் பாதிச் சந்தேகம் தீரும். கடைசியில் 'யூதருடைய ராஜா' என்ற பட்டம் எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டது சிலுவையின்மேல்தான் (யோவான் 19:19-20).

"இராயனுடையதை இராயனுக்கு, தேவனுடையதை தேவனுக்கு"ன்னா மதம் வேற, அரசியல் வேறன்னுதானே அர்த்தம்?

பாதி சரி. அவர்கள் காட்டியது ஒரு வெள்ளிப் பணம், ஒரு நாள் கூலி மதிப்பு. அதில் இருந்தது இராயனுடைய, அதாவது ரோமப் பேரரசருடைய சொரூபம். வரி கட்டு என்பது தெளிவான பதில். ஆகவே வருமானத்தை மறைப்பதும், வாடகை ரசீதைப் போலியாகக் காட்டுவதும், பத்திரப்பதிவில் விலையைக் குறைத்து எழுதுவதும் ஆவிக்குரிய விஷயத்துக்கு அப்பாற்பட்டவை என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. ரோமர் 13:6-7-உம் இதைத்தான் கேட்கிறது.

மீதிப் பாதி: பணத்தில் இராயன் சொரூபம் இருந்தது, மனுஷனில் யார் சாயல் இருக்கிறது? ஆதியாகமம் 1:27. ஆகவே உலகத்தை ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரிக்கிற வசனமாக இதை எடுக்கக்கூடாது. இராயனுக்குப் போவது காசு. இராயன் உட்பட முழு மனுஷனும் தேவனுக்குரியவன். அரசு அவருக்கு விரோதமானதைக் கேட்டால் அப்போஸ்தலர் 5:29 வந்துவிடும்: 'மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது.' அதைச் சொன்ன பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் கல்லெறியவில்லை. அடியையும் சிறையையும் ஏற்றுக்கொண்டார்கள்.

உள்ளானதுன்னா ஆராதனையில வர்ற அந்த உணர்ச்சியா? கண்ணீர், சிலிர்ப்பு?

உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். 'தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது' (ரோமர் 14:17). வரிசையைக் கவனியுங்கள். நீதி முதலில், சந்தோஷம் கடைசியில். இந்த வசனம் எழுதப்பட்டதே யார் எதைச் சாப்பிடலாம் என்று சபைக்குள் நடந்த சண்டையைத் தீர்க்க. சந்தோஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு.

சரியான மாதிரி வரி வசூல் தலைவன் சகேயு (லூக்கா 19:1-10). லேவியராகமம் 6:5 கேட்டது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது. நூறு ரூபாய் பறித்திருந்தால் நூற்றிருபது. சகேயு நாலத்தனையாக, அதாவது நானூறு தருகிறேன் என்றான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்பது தனி. அவன் அழுதானா என்று லூக்கா எழுதவில்லை. கணக்கைத்தான் எழுதினார்.

சரி, நடைமுறையில என்ன செய்யணும்? வீட்டுல, ஆபீஸ்ல?

மத்தேயு 6-இல் இயேசு மூன்று காரியங்களை அந்தரங்கத்தில் செய்யச் சொல்கிறார்: தர்மம், ஜெபம், உபவாசம். அங்கிருந்து தொடங்குங்கள். காலையில் பத்து நிமிடம் கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொல்லுங்கள். 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்ற இடத்தில் அன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரு தீர்மானத்தைப் பெயர் சொல்லி அவரிடம் வையுங்கள். எச்.ஆர். கூட்டம், அண்ணன் தம்பி சொத்துப் பேச்சு, மாமியாரிடம் சொல்ல வேண்டிய பதில், எதுவானாலும் சரி. இரவில் ஐந்து நிமிடம் அந்த ஒன்றையே திரும்பப் பாருங்கள். பத்து விஷயங்களை எடுத்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

மத்தேயு 5:23-24-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கைக்கு முன் அவரிடம் போங்கள். வாட்ஸ்அப்பில் பொதுவாக 'மன்னிக்கவும்' என்று போடுவது போனதாகாது. வீட்டு வேலை செய்கிற அக்காவின் சம்பளத்தை மாதம் பிறந்ததும் கொடுங்கள். யாக்கோபு 5:4-இல் கூக்குரலிடுவது பிடித்து வைத்த கூலிதான்.

குழுவாகப் படிக்க ஆறு வாரம் போதும்: மத்தேயு 5-7, மத்தேயு 13, லூக்கா 17:20-37, யோவான் 6:1-15-உம் 18:28 முதல் 19:22 வரையும், ரோமர் 13-14, அப்போஸ்தலர் 1:1-11. ரோமர் 13-ஐ 14-லிருந்து பிரிக்காதீர்கள். பிரித்தால் அந்த வாரம் முழுக்கக் கட்சிப் பேச்சாகிவிடும்.

ராஜ்யம் வந்துடுச்சா, இனிமேதான் வருமா?

இரண்டும். லூக்கா 11:20-இல் 'உங்களிடத்தில் வந்திருக்கிறதே' என்கிறார். ஆனாலும் 'வருவதாக' என்று ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிறார். களை உவமையில் (மத்தேயு 13:24-30) கோதுமை முளைத்தாயிற்று, அறுப்பு இன்னும் வரவில்லை. இடையில் வேலைக்காரர் 'பிடுங்கிப்போடட்டுமா?' என்று கேட்கிறார்கள். எஜமான் வேண்டாம் என்கிறான், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்பதற்காக. ராஜ்யத்தை அதிகாரத்தால் இப்போதே சுத்தமாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு இயேசுவின் பதில் இதிலேயே இருக்கிறது.

உள்ளானதுன்னு சொல்லிட்டா சாதி, வரதட்சணை, ஏழை இதெல்லாம் பத்திப் பேச வேண்டாமா? சௌகரியமா இருக்கே!

சௌகரியமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. 'ஆவிக்குரிய சபை' என்று சொல்லிக்கொண்டே கல்யாணத் தரகரிடம் சாதி கேட்கிறோம். புளித்தமா உவமையைப் பாருங்கள் (மத்தேயு 13:33): ஒரு ஸ்திரீ அதை மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள். நம் ஊர்ப் படியை நினைத்தால் அளவு தப்பும். மூலத்தில் உள்ளது மூன்று 'சேயா', ஏறக்குறைய 36 முதல் 40 லிட்டர். நூறு பேருக்குமேல் அப்பம் சுடலாம். அடக்கிவைத்தது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 'முழுவதும் புளிக்கும்வரைக்கும்' வேலை செய்தது. ஒரு மூலை புளித்து மீதி புளிக்காமல் இருந்தால் அது உவமையில் உள்ள மா இல்லை.

1934 மே மாதம் ஜெர்மனியில் பார்மென் நகரில் கூடிய சபைகள், ஹிட்லர் ஆட்சிக்கு ஒத்து ஊதிய 'ஜெர்மன் கிறிஸ்தவர்' கூட்டத்துக்கு எதிராக ஓர் அறிக்கை வெளியிட்டன. வாழ்க்கையின் சில பகுதிகளில் நாம் கிறிஸ்துவுக்கு அல்ல, வேறு எஜமான்களுக்கு உரியவர்கள் என்ற போதனையை அதன் இரண்டாம் கூற்று நிராகரிக்கிறது. அந்தச் சபைகள் கட்சி தொடங்கவும் இல்லை, வாயை மூடிக்கொண்டிருக்கவும் இல்லை.

சபை ஆட்சியைப் பிடிச்சா நல்லது செய்யலாமே? ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தா என்ன?

ஒரு தடவைக்கு மேலேயே பார்த்தாயிற்று. 313-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அது நல்லது. 380-இல் பேரரசர் தியோடோசியஸ் காலத்தில் அதுவே அரசு மதமானது. சில ஆண்டுகளுக்குள், 385 வாக்கில், பிரிஸ்கில்லியன் என்ற ஆயருக்குக் கள்ள உபதேசம், சூனியம் என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் ட்ரியர் நகரில் மரண தண்டனை. தண்டித்தது கிறிஸ்தவ அரசு. தூர் நகர ஆயர் மார்ட்டின் இதை எதிர்த்தார். துன்பப்பட்டவர்கள் துன்பப்படுத்துகிறவர்களாக மாற எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஆண்டுகளே ஆயின.

இன்னும் கொடிய உதாரணம் ஜெர்மனியின் மியூன்ஸ்டர். 1534 பிப்ரவரியில் அங்கே மறுஞானஸ்நானக்காரர் (குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்த பிறகு எடுக்க வேண்டும் என்றவர்கள்) ஒரு பிரிவினர் நகரத்தைக் கைப்பற்றி, இதுதான் புதிய எருசலேம் என்றார்கள். ஞானஸ்நானம் பெற மறுத்தவர்களைக் குளிர்காலத்தில் வெளியே துரத்தினார்கள். சொத்து பொதுவாக்கப்பட்டது, பலதாரமணம் சட்டமானது. லைடன் ஊர் யான் தன்னை ராஜாவாக அறிவித்துக்கொண்டான். வெளியே ஆயரின் படை முற்றுகை, உள்ளே பட்டினி. 1535 ஜூனில் நகரம் விழுந்தது. தலைவர்களின் உடல்களை வைத்துத் தொங்கவிட்ட மூன்று கூண்டுகள் புனித லம்பெர்ட் ஆலயக் கோபுரத்தில் இன்றும் இருக்கின்றன. பிசகியது எங்கே? களை உவமையில் அறுப்பு தேவனுடைய வேலை. இவர்கள் அதைத் தங்கள் கையில் எடுத்தார்கள்.

அதே மறுஞானஸ்நான இயக்கத்தில் மீந்தவர்களை மென்னோ சைமன்ஸ் வாளைக் கைவிட்ட சமாதானச் சபையாகத் திரட்டினார். மென்னோனைட்டுகள் அவர் பெயரில் வந்தவர்கள். ஒரே ஞானஸ்நான உபதேசம், ராஜ்யத்தைப் பற்றி மட்டும் வேறு முடிவு. எது நிலைத்தது என்பது தெரிந்ததே.

காந்திஜி மனசை மாத்தின புத்தகம் இதைப் பத்தினதுதானாமே? அப்போ அரசியல் வந்துடுச்சே!

ஆம். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1894-இல் வெளியிட்ட 'தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறது' என்ற நூல் தன்னை ஆட்கொண்டதாகக் காந்தி எழுதியிருக்கிறார். 1910-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே சத்தியாக்கிரகப் போராட்டக் குடும்பங்கள் தங்கிய பண்ணைக்கு டால்ஸ்டாய் பெயரையே வைத்தார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. உள்ளே தொடங்கியது வெளியே எட்டியதற்கு இது நல்ல உதாரணம்.

ஒரு எச்சரிக்கை: டால்ஸ்டாய் மலைப்பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு உயிர்த்தெழுதலை விட்டுவிட்டார். 1901-இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை அவரை விலக்கியது. படியுங்கள், ஆனால் அதுவே கிறிஸ்தவ போதனை முழுவதும் என்று எடுக்காதீர்கள்.

எங்க பாஸ்டர் பிரசங்கத்துல யாருக்கு ஓட்டுப் போடணும்னு சொல்றார். சொல்லலாமா?

சட்டப்படி கூடாது. 1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தல் தடுப்புச் சட்டம், வழிபாட்டு இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை, வெற்றியே செல்லாமல் போகலாம். 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4-க்கு 3 என்ற கணக்கில், வேட்பாளர் மதம் மட்டுமல்ல, வாக்காளர் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது என்பதே எங்கள் அபிப்பிராயம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், காசு வாங்காதீர்கள், போய் ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லலாம். அதிகாரத்திலுள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கலாம் (1 தீமோத்தேயு 2:1-2). ஒரு சின்னத்தைப் பீடத்தில் ஏற்றினால் மற்றச் சின்னத்துக்குப் போடுகிற விசுவாசி அந்தப் பந்தியில் அந்நியனாகிவிடுவான். சீமோனையும் மத்தேயுவையும் மேலே பார்த்தோம்.

"உம்முடைய ராஜ்யம் வருவதாக"ன்னு ஜெபிக்கிறதைக் கேட்டு பக்கத்து வீட்டு இந்து நண்பர், "நாட்டைப் பிடிக்கப் போறீங்களா?"ன்னு கேட்டார். என்ன சொல்றது?

கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. யோவான் 18:36-ஐ முழுதாகச் சொல்லுங்கள், பாதியாக அல்ல. 'எங்கள் ராஜா யாரையும் கட்டாயப்படுத்த அனுமதி கொடுக்கவில்லை' என்று நேராகச் சொல்லலாம். பிறகு உங்கள் சபையின் மொழியையும் கொஞ்சம் கவனியுங்கள். 'பெங்களூரைக் கைப்பற்றுவோம்', 'எல்லைகளைப் பிடிப்போம்' என்று மைக்கில் முழங்கிவிட்டு, ஆவிக்குரிய அர்த்தத்தில்தான் சொன்னோம் என்றால் தெருவில் நிற்பவருக்கு எப்படிப் புரியும்?

தமிழ் ஆராதனைக்கு எத்தனை மணி, கன்னட ஆராதனைக்கு எத்தனை மணின்னு சபையில சண்டை. இதுல ராஜ்யம் எங்கே?

ரோமர் 14-இல் சாப்பாடு இருந்த இடத்தில் இங்கே மொழி இருக்கிறது. தாய்மொழியில் ஜெபிக்க ஆசைப்படுவதில் தவறில்லை. வெளிப்படுத்தல் 7:9-இல் பாஷைக்காரர் எல்லாரும் தங்கள் பாஷையோடுதான் நிற்கிறார்கள். நேரத்தைக் கமிட்டி பேசித் தீர்க்கட்டும். ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்களில் கூட்டு ஆராதனை வைக்கலாம், பாடல் தாளில் இரண்டு லிபியும் போடலாம்.

பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா 29:7 சொன்னது: அந்தப் 'பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்.' நாம் சிறைப்பட்டு வந்தவர்கள் இல்லை, பலர் இங்கேயே மூன்று நான்கு தலைமுறை. அப்படியிருக்க, காவேரிப் பிரச்சினை கிளம்பும் வாரங்களில் மட்டும் நகரத்துக்காக ஜெபிப்பது போதாது. பிள்ளைகள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்பதும் அந்த வசனத்துக்குள் வரும்.

வெளிப்படுத்தல் 20-ல ஆயிரம் வருஷ அரசாட்சின்னு இருக்கே. கடைசியில அது அரசியல்தானே?

சபைகள் இதில் ஒத்துப்போவதில்லை. பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும், கிறிஸ்து திரும்பி வந்து பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்று எடுக்கிறார்கள். பழைய சபைப் போதகர் அகுஸ்தீன் வழியில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இன்னும் பலரும் அதை இப்போது நடக்கும் சபையின் காலமாக எடுக்கிறார்கள். எதை எடுத்தாலும் ஒன்று பொது: அதைக் கொண்டுவருவது அவர், நாம் அல்ல. 'காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல' (அப்போஸ்தலர் 1:7).

அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டார்கள். நாள் வந்தது, போனது. யாராவது தேதி சொல்லி, அதற்குள் நிலத்தை விற்று ஊழியத்துக்குக் கொடு என்றால், கொடுக்காதீர்கள். வேலையையும் விடாதீர்கள்.